சுக்கு காபிக்கு முப்பத்தேழாம் இடம்

அன்பு மைத்துனன் வளவனுக்கு, உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது.

நான் பேசாமல் இருந்தது போதும். இங்கு நாங்கள் நலம். உன் நலத்தை உன் அக்கா காலையும் மாலையும் எனக்கு அறிவித்துவிடுவதால் தனியே விசாரிக்கவில்லை. இதே ஊரில், வேங்கிக்கால் புது வீட்டில் இருப்பவனுக்குத் தபால் எதற்கு என்று நீ நினைக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் எது எழுதினாலும் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்துக்கு அப்படிக் காட்ட முடியாது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, நாம் இருவரும் கூட்டாகக் கடை பிடித்து ஆறு பௌர்ணமி போய்விட்டது. ஷட்டர் இன்னும் ஏறவில்லை. நடக்கிற ஜனங்களுக்குச் சுக்கு காபி போடுவோம் என்று முதல் நாளே சொன்னேன். "டேட்டா இல்லாம முடிவெடுத்தா அது வியாபாரம் இல்ல மாமா, சூதாட்டம்" என்றாய். யாரிடம்? புள்ளியியல் எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவனிடம். உன் கல்யாண ஆல்பம் முழுக்க என் தலை தூணுக்குப் பின்னால் போனதைப் பொறுத்தவன், இதையும் பொறுத்தேன். அதற்குக் கூலியாக என் கழுத்தில் ஒரு அடையாள அட்டையை மாட்டி, கையில் தொடுதிரை டேப்பைக் கொடுத்து, கடை வாசலில் என்னையே சர்வே எடுக்க நிறுத்தினாய்.

கேள்வி நீ தயாரித்தது: "உங்களுக்கு என்ன வேண்டும்?" கிரிவலம் வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? முதலில் வந்தவர் கீழ்பென்னாத்தூர் ரேணுகாம்பாள். பெயர் கேட்டதுமே அந்த அம்மாள் அர்ச்சனைக்குச் சொல்வதுபோலக் கைகூப்பி, "ரேணுகாம்பாள், ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. பெரிய பொண்ணுக்கு வரன் அமையணும் சாமி" என்றார். "அது இல்லம்மா, குடிக்க ஏதாச்சும்..." என்றேன். "வேணாங்க, விரதம். பொண்ணு விஷயத்த மட்டும் நல்லா அழுத்தி எழுதிக்கோங்க." அவ்வளவுதான், பின்னாடி வந்தவங்க எல்லாம் வரிசை கட்டிட்டாங்க. மூட்டு வலி போகணும், பையனுக்கு கவர்மெண்ட் வேலை, போர்ல தண்ணி வரணும், மாமியாருக்கு வாய் கம்மியாகணும். ஒரு பெரியவர் மோட்சம் கேட்டார். உடனே உன் டேப் துணைக்கேள்வி போட்டது: "இது எவ்வளவு அவசரம்?" அவர் யோசித்துவிட்டு, "அவசரம் இல்ல, பேரன் காதுகுத்து முடியட்டும்" என்றார். அதையும் பதிந்தேன்.

நீ சும்மா இருந்தாயா? "நட்சத்திரத்த வீணாக்காதீங்க மாமா, அதுவும் டேட்டாதான்"னு அதுக்கும் ஒரு கட்டம் போட்டே. ரோகிணிக்காரர்களுக்கு மூட்டு வலி ஜாஸ்தி என்று கலர் கலராக வரைபடம் வந்தது. சுக்கு காபிக்கு முப்பத்தேழாம் இடம், மோட்சத்துக்கும் கீழே. அதைக் கேட்ட ஒரே ஆள் கடைக்குச் சொந்தக்காரர் கலீல் ரஹ்மான் பாய். பாவம், அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம்.

அடுத்த பௌர்ணமிக்கு ரேணுகாம்பாள் மறுபடி வந்தார். "எழுதிக்கிட்டுப் போன மறு வாரமே வரன் அமைஞ்சிடுச்சு சாமி!" என்று ஷட்டருக்கு முன்னால் தேங்காய் உடைத்து என் காலில் விழுந்தார். ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்டுவது புள்ளியியலில் பெரும் பாவம் என்று விளக்கினேன். "ஆமாங்க சாமி" என்று திருநீறு கேட்டார். வரிசை பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போயிடுச்சு. நீயோ, "கஸ்டமர் திருப்தியாத்தான் இருக்காங்க மாமா. ஆனா டேட்டா இன்னும் போதல" என்கிறாய்.

பாய் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், இந்தப் பௌர்ணமிக்கு ஷட்டரைத் தூக்கி ஏதாச்சும் ஒண்ணு பண்ணுங்க, இல்லன்னா சாவியக் குடுத்துடுங்க. ராசி இல்லாத கடைன்னு பேசிக்கிறாங்க." இருந்த வேலையையும் விட்டுவிட்டு நிற்கிறேன். இந்தக் கடையும் போனால் உன் மாமனாரின் அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போகச் சொல்கிறாள் உன் அக்கா. உன் மாமனாரிடம்! உங்கள் புதுமனைப் புகுவிழாவில் என்னை ஜெனரேட்டர் பக்கத்தில் உட்காரவைத்த மனிதரிடம்!

ஆகவே என் முடிவு: இந்தப் பௌர்ணமிக்குச் சுக்கு காபி. அறிவுள்ளவன் செய்வது அதுதான். உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள், உன் மாமனாருக்கு ஒன்றுமில்லை.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா ஓடிவந்து, உனக்குச் சென்னையில் பெரிய வேலை கிடைத்துவிட்டது, அடுத்த வாரமே குடும்பத்தோடு போகிறாய் என்றாள். ஒன்றை நீ அறிய வேண்டும். போன பௌர்ணமியன்று கூட்டம் குறைந்ததும் டேப்பில் நானும் ஒரு பதிவு போட்டேன்: மூல நட்சத்திரம், "மைத்துனனுக்கு வெளியூரில் வேலை அமைய வேண்டும்." ரேணுகாம்பாள் ஒன்று, நான் ஒன்று. இரண்டுக்கு இரண்டு, நூற்றுக்கு நூறு. உடனே பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். "மத்தவங்களுக்கெல்லாம் நடந்துச்சா சார்?" என்று கேட்டார். "அவங்க இன்னும் வந்து சொல்லல பாய், வராத டேட்டாவுக்கு நான் பொறுப்பில்ல" என்றேன். சுக்கு காபி வேண்டாம். வாசலில் பலகை மாட்டப்போகிறேன்: "வேண்டியது இங்கே எழுதிக்கொள்ளப்படும்." டேப்பை மட்டும் வைத்துவிட்டுப் போ.

உன்னை ஊரைவிட்டு அனுப்பிய வேண்டுதல் என்னுடையது என்று தெரிந்தால் உன் அக்கா எனக்குச் சோறு போட மாட்டாள். அதனால் இந்தக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாரென்று முடிவு கட்ட உன்னிடம் டேட்டா போதாது.