தொண்ணூற்று மூன்று நாள்

காலை பத்து மணியிலிருந்து நர்ஸ் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு ஆள்கூட வரவில்லை.

பாதுகாப்பு அதிகாரிக்கு வியர்த்தது. அந்தத் தொழிற்சாலையில் அவர் கையெழுத்தில்லாமல் ஏணியில்கூட யாரும் ஏற முடியாது. 'பாதுகாப்பே முதல் கடமை' என்று கழிவறைக் கதவிலும் ஒட்டியவர். அப்பேர்ப்பட்டவர், வெளியூர்ப் பயிற்சி வகுப்பில், தன்னைப் போலவே தனி ஆளான இன்னொரு பாதுகாப்பு அதிகாரி அம்மாளோடு ஒரு சாயங்காலத்தைக் கழித்துவிட்டார். இரண்டு பாதுகாப்பு அதிகாரிகள். ஆணுறை ஒன்றுகூட இல்லை.

அன்றிலிருந்து இருமினால் எச்.ஐ.வி., கொசு கடித்துத் தடித்தால் எச்.ஐ.வி. மருத்துவமனைக்குப் போனால் யாராவது பார்த்துத் தொலைப்பார்களே? அதனால் பரிசோதனை முகாமையே தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். முந்நூறு பேரில் தானும் ஒருவராகக் கையை நீட்டிவிடலாம் என்று திட்டம்.

"மைக்ல கூப்பிட்டுப் பாருங்க சார்," என்றாள் நர்ஸ்.

கூப்பிட்டார். "சந்தேகம் உள்ளவர்கள் உடனடியாக வரவும்."

அதற்கப்புறம் முகாம் அறைக்கு வெளியே வராந்தா வழியாக நடந்தவர்களும் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, காத்து வாங்குது? முதல்ல நீங்க குடுங்க. போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல போடுவோம்."

"நானா? எனக்கு எதுக்கு சார்?"

"ஒரு முன்மாதிரியாத்தான்."

நாற்காலியில் உட்காரவைத்தார்கள். போட்டோ எடுத்துவிட்டு மேலாளர் போய்விட்டார். நர்ஸ் குரலைத் தணித்து, "மூணு மாசம் தாண்டினாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். அப்படி ஏதாவது..." என்று இழுத்தாள்.

"தொண்ணூத்தி மூணு நாள். சாயங்காலம் ஆறே முக்கால்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லார்கிட்டயும் கேக்கிற கேள்விதான் சார்."

அவருக்குக் கால் கிடுகிடுத்தது. அப்போதுதான் லேத் அண்ணன் உள்ளே வந்தார். இருபத்தைந்து வருடமாக லேத் மெஷினில் நிற்பவர். அவர் எங்கே போனாலும் பின்னால் நாலு பேர் போவார்கள்.

"எனக்கும் எடும்மா," என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"இவரே வந்துட்டாருடா," என்றது வாசலில் ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் வரிசை தொழிற்சாலை கேட்டைத் தொட்டது.

முடிவுகள் உறையில் வந்தன. அதிகாரியின் விரல்கள் உறையோடு மல்லுக்கட்டின.

"அண்ணே, நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

லேத் அண்ணன் பிரித்துப் படித்தார். "ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இல்ல."

அதிகாரி கைக்குட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்த பிறகுதான், லேத் அண்ணன் தன் உறையைப் பிரிக்காமலே மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்தார்.

"உங்களோடத பாக்கலையாண்ணே?"

"எனக்கு இருக்குன்னு தெரிஞ்சு பதினோரு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன் சார், நீங்க தனியா நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க, அதான் துணைக்கு வந்தேன்."