துப்பட்டாவால் துடைத்த தடயம்

அடுத்தவர் விஷயம் என்றால் எனக்குக் காது தானாக நீளும். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு போலீஸ் கார் நின்றால் போதும், குப்பை கொட்டும் சாக்கில் காலிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். (தொட்டிக்கே உன்னைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சிருக்கும் என்பார் என் கணவர் ரகு.)

இந்தக் குணத்தை வீணாக்குவானேன் என்றுதான் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ் சேர்ந்தேன். டிபென்டென்ட் விசாவில் வேலைக்குத்தான் போகக் கூடாது, படிக்கலாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே படிக்க வேண்டும் என்பது ரகுவின் ஆசை.

"வேடிக்கை பாக்கறதுக்கு யாராவது ஃபீஸ் கட்டுவாங்களா?" என்றார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். முதல் செமஸ்டரில் பாஸானால் அவர் வாய் திறக்கக் கூடாது. ஃபெயிலானால் நான் மறுபேச்சில்லாமல் டெஸ்டிங்கில் சேர வேண்டும்.

எழுத்துப் பரீட்சையை ஊதித் தள்ளிவிட்டேன். மிச்சமிருந்தது பிராக்டிகல். ஒரு வகுப்பறையைத் திருட்டு நடந்த வீடு மாதிரி ஜோடித்திருந்தார்கள். திறந்து கிடந்த அலமாரி, உடைந்த பூச்சாடி, கவிழ்ந்து கிடந்த ஒரு நாற்காலி. வாசலில் மஞ்சள் டேப். எங்கள் புரொஃபசர் போலீஸில் இருந்து ரிடையரானவர். மற்ற மாணவர்கள் கைரேகை எடுக்க வரும்வரை யாரையும் உள்ளே விடாதே, எதையும் தொடாதே என்று சொல்லி என்னை வாசலில் காவலுக்கு நிறுத்தினார். விறைப்பாக நின்றேன். (அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருந்ததே எனக்கெல்லாம் பெரிய தவம்.)

அப்போது கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மூச்சு வாங்க வந்தார். இது என் தம்பி வீடு, இப்போதான் முதல்தடவை வரேன், உள்ளே போகணும் என்றார். முடியாது என்றேன். கெஞ்சினார். நான் மசியவில்லையே! சரி, இங்கேயே நிற்கிறேன் என்று பாவமாகச் சுவரில் சாய்ந்தார்.

அங்கேதான் வந்தது வினை. வாசலுக்கு வந்த பெரியவரை நிற்க வைத்துப் பேச நம்ம வளர்ப்பு விடுமா? டேப்புக்கு அடியில் குனிந்து போனேன். கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வெளியே கொண்டுவந்தேன். துப்பட்டாவால் முதுகு, கைப்பிடி, சீட்டு எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்து, உட்காருங்க சார் என்று உபசரித்தேன்.

அதுக்கு ஒரு கால் ஆடுமே என்றார் அவர். உள்ளேயே போகாதவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேனா? ஊர்க்கதை எல்லாம் குடைகிற நான், ஓர் அட்டையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினேன். அப்புறம் எத்தனை பிள்ளைகள், முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்றா என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருந்தேன்.

புரொஃபசர் வந்ததும், ஒருத்தரையும் உள்ளே விடலை சார் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். என் துப்பட்டாவைப் பார்த்தார். "இவர்தான் திருடன்," என்றார் மெதுவாக. "இவருடைய கைரேகை இருந்தது அந்த நாற்காலியில் மட்டும்தான்."

திருடனாக நடிக்க வந்திருந்த, புரொஃபசரின் அந்தப் பழைய போலீஸ் சகா, இவ்வளவு மரியாதையோடு தன்னை யாரும் தப்பவிட்டதில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிராக்டிகலில் முட்டை. செமஸ்டரும் போச்சு.

காரில் ஏறியதும் ரகுவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையை அடக்கிக்கொண்டு, டெஸ்டிங் கோர்ஸ் எப்போ ஆரம்பம் என்று நானே கேட்டுவிட்டேன். மனுஷன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டெஸ்டிங் எங்கயும் ஓடிடாது. அடுத்த செமஸ்டர்ல நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரிஞ்சாகணுமே," என்றார்.

ஃபீஸையும் அவரே கட்டினார். (வேடிக்கை பார்க்கத்தான்!)

மறுமுறை பாஸாகிவிட்டேன். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இன்றும் விருந்தாளி வந்து நான் நாற்காலியை இழுத்தால், என் மகள் ஓடிவந்து, "டோன்ட் டச் இட், அம்மா. எவிடன்ஸ்," என்கிறாள். வந்தவர் என்ன ஏதென்று கேட்பார். ரகு கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அது முடிகிறவரை, பாவம், வந்தவர் நின்றுகொண்டேதான் இருப்பார்.