டாக்டர் வீட்டம்மாவின் பன்னிரண்டு தாலாட்டுகள்

‘சரி’ என்பதை அமுக்கிய பிறகுதான், கம்ப்யூட்டர் என்ன கேட்டது என்பதையே படித்தாள் அந்தப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்புப் பெண்.

‘இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கவா?’ என்று கேட்டிருந்தது. கம்ப்யூட்டரில் பாட்டே கிடையாது. அதனால், அதோடு இணைத்திருந்த பாட்டு பிளேயரில் இருந்ததையும் துடைத்துவிட்டு, இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது.

போனவை சாதாரணப் பாட்டுகள் அல்ல. டாக்டரின் மனைவி சொந்தக் குரலில் பாடியவை என்று டாக்டரே பெருமையாகச் சொல்லும் பன்னிரண்டு தாலாட்டுகள். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்கள் பயப்படாமல் இருக்க, பத்து வருஷமாக அங்கே நாள் முழுக்க ஓடுபவை. “பிளேயர் பழசாயிடுச்சும்மா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடு, பத்திரம்” என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். அவளுக்கு முன்னால் வரவேற்பில் இருந்தவள், ஒரே ஒரு நாள் ரேடியோ போட்டதற்காக வேலையை இழந்தவள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குப் போன் செய்தாள்.

“ஒரு தடவை அணைச்சுப் போடுங்க.”

அணைத்துப் போட்டாள். பிளேயர் வெறும் வெள்ளைத் திரையைக் காட்டியது.

“அய்யய்யோ, அதை ஏன் அணைச்சீங்க?” என்றார் அவரே.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா, நிமிராமலே கேட்டாள்.

“பாட்டெல்லாம் மனப்பாடமா தெரியுமில்ல?”

“மூணு மாசமா காதுல விழுதே! தூக்கத்துல எழுப்பினாலும் பாடுவேன்.”

“அப்புறம் என்ன? எக்ஸ்ரே ரூமுக்குள்ள போய்ப் பாடு. ஃபேனை மட்டும் நிறுத்திக்கோ, இரைச்சல் பதிவாயிடும்.”

வேறு வழி? போனும் கையுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேர்க்க விறுவிறுக்கப் பாடினாள். ஒன்பதாவது பாட்டின் நடுவில் யாரோ கதவைத் தட்ட, “இருங்க, வர்றேன்!” என்று கத்தியதும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. பன்னிரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடிப்பதற்கும் டாக்டரின் கார் வாசலில் நிற்பதற்கும் சரியாக இருந்தது. காரிலிருந்து அவர் மனைவியும் இறங்கினார்.

பாட்டு ஓடியது. டாக்டரின் மனைவி சோபாவில் உட்கார்ந்து தாளம் போட்டார். எட்டுப் பாட்டு வரை பிரச்சினை இல்லை.

“இருங்க, வர்றேன்!”

டாக்டரின் மெஷின் நின்றது. அவர் மனைவி புருவத்தைச் சுருக்கினார். வரவேற்புப் பெண் மனதுக்குள் வேறு வேலை தேட ஆரம்பித்தாள்.

“அட, ஞாபகம் இருக்குங்களா? அன்னிக்கு நான் பாடிட்டிருக்கும்போது கூரியர்காரர் வந்து கதவைத் தட்டினாரே! இத்தனை நாள் இது காதுல விழவே இல்ல பாருங்க. கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தான்!”

“ஆயிரம் பேர் பாடினாலும் உன் குரலைக் கண்டுபிடிச்சிடுவேன்” என்றார் டாக்டர், மாஸ்க்குக்குள்ளிருந்து.

போன உயிர் திரும்பி வந்தது. அவள் பின்பக்கம் ஓடி அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

“தப்பிச்சேன்க்கா! சொந்தக் குரலே அவங்களுக்குத் தெரியலையே! என் குரல் அப்படியே அவங்க குரல் மாதிரியேவா இருக்கு?”

அக்கா தரை துடைக்கும் துணியைப் பிழிந்தாள்.

“அவங்க குரலை நீ எங்க கேட்டே? தூசி தட்டுறப்ப எதையோ அமுக்கி, நான் அதை அழிச்சு ஆறு வருஷமாச்சு. மூணு மாசமா நீ மனப்பாடம் பண்ணினது என் குரலை.”