மூன்று வரிசை வேலி

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வனஜா முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பரந்தாமன் பார்த்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கெங்கம்மாளும் பார்த்துவிட்டாள். பார்த்தவள் ஒரு வார்த்தை கேட்காமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"போச்சு! இனிமே வெள்ளானூர் முழுக்க இதான் பேச்சு" என்று பல்லைக் கடித்தார் பரந்தாமன்.

ஆவடித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. பதினெட்டு வருஷம் குவார்ட்டர்ஸ் வாசம். எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய். இந்த வீட்டுக் குக்கர் மூணு விசில் அடித்தால் அந்த வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். அந்த நெரிசலிலிருந்து தப்பிக்கத்தான் வெள்ளானூரில் வயலோரமாக மனை வாங்கி வீடு கட்டினார். மகளும் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். "இனிமே நானும் வனஜாவும்தான், ஒரு தொந்தரவு கிடையாது" என்று கிரகப்பிரவேசத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லிப் பூரித்துப்போனார். அது ஆகி ஆறு மாதம்கூட முடியவில்லை.

"ஏன் அழுதே?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது அழுவாங்களா?"

வனஜா பக்கத்து நிலத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அடுத்த பொங்கல் வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள மனசு ஒட்டலேன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு குவார்ட்டர்ஸுக்கே போயிடலாங்க. எழுதிக் குடுத்தா திரும்பக் கிடைக்குமில்ல?"

பரந்தாமன் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு! யாரோ ஒருத்தன் வந்து ஆணி அடிக்கவா? ஆனால் அவள் பார்வை போன திசையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டென்று புரிந்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர். வினையே அங்கேதான்.

"புரிஞ்சுபோச்சு வனஜா. திறந்தவெளியில துணி துவைக்க, தலை உலர்த்த உனக்குக் கூச்சமா இருக்கு. ஆள் உயரத்துக்கு ஒரு வேலி போட்டுடறேன், ஈ காக்கா எட்டிப் பார்க்காது."

வனஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அளவு டேப்பை எடுக்க உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. "திருவேற்காடு போற வழியில ஒரு நர்சரி இருக்கு, அங்கயே வாங்குங்க. ஆனா செவ்வாய்க்கிழமை நான் திருவேற்காடு கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடறேன். அப்புறமா ஆரம்பிங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் போனார். நர்சரிக்காரர் அப்பாவு பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"வேலிக்கு நல்ல செடியா ஒண்ணு..."

"மருதாணி எட்த்துக்கினு போ சார். கிட்டக் கிட்ட நட்டா செவுரு மாறி நிக்கும்." எவ்வளவு நீளம் என்றுகூட அப்பாவு கேட்கவில்லை. அறுபது கன்று இரண்டு கோணியில் தயாராக இருந்தது. தொழில் தெரிந்த மனுஷன் என்று பரந்தாமன் மெச்சிக்கொண்டார்.

சணல் கயிறு கட்டி, எட்டு அங்குலத்துக்கு ஒரு கன்று. நேர்கோட்டிலிருந்து கால் அங்குலம் விலகிய ஒன்றைப் பிடுங்கி மறுபடி நட்டார். தொழிற்சாலையில் அவர் கையில் தப்பிய திருகாணி கிடையாது.

ஆனி மாதம் வேலி மார்பு உயரத்துக்கு வளர்ந்து, பச்சைச் சுவராக நின்றது. அப்போதுதான் கெங்கம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"யம்மா, எங்கண்ணன் பொண்ணுக்குக் கண்ணாலம். ஒரு புடி எல கிள்ளிக்கட்டா?"

"அதுக்கென்ன, தாராளமா!" என்றாள் வனஜா.

ஒரு பிடி ஒரு முறமாயிற்று. முறம் கூடையாயிற்று. ஆனியில் ஊரில் ஏழு கல்யாணம். ஏழு வீட்டுப் பெண்களும் பின்பக்கமாக வந்து கிள்ளினார்கள். இங்கேயே அரைத்து, இங்கேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாதக் கடைசியில் வேலி உரித்த கோழி மாதிரி நின்றது.

"பாவம் நீ. உன்னையும் அரைக்க வச்சுட்டாங்களே!" என்று பரந்தாமன் உருகினார்.

"என்னங்க பண்றது, தேடி வந்துட்டாங்க" என்றாள் வனஜா, சிவந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. அவள் குரல் தழுதழுத்ததாக அவருக்குப் பட்டது.

விடுவாரா? செவ்வாய்க்கிழமை வனஜா கோயிலுக்குப் போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இவர் நர்சரிக்குப் போனார்.

"யோவ், இலையை எவனும் தொடக்கூடாது. ஆடுகூட வாய் வைக்கக்கூடாது. அப்படி ஒண்ணு குடு."

"ஆடாதொட கீதே சார்! கசப்பு. துன்னா மூணு நாளு நாக்குல நிக்கும்." அதுவும் ஓரமாகத் தயாராக இருந்தது.

மருதாணிக்கு முன்னால் இரண்டாவது வரிசை எழுந்தது. தோட்டம் மூன்றடி குறைந்தது. உண்மையாகவே ஒரு ஆடு சீண்டவில்லை. பரந்தாமன் இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கெங்கம்மாளுக்கு இருமல் பிடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட லொக்கு லொக்குச் சத்தத்துக்கு மனசு கேட்காமல், வனஜா ஆடாதொடை இலையை மிளகு போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். மூன்றே நாளில் கெங்கம்மாள் எழுந்து நடமாடினாள். நடமாடியவள் சும்மா இருந்தாளா? போன இடமெல்லாம் சொல்லிவைத்தாள்.

"ஆவடி அம்மா கையால ஒரு வா கஷாயம் குச்சிப் பாரு. அத்தோட ஆஸ்பத்திரி வாசப்படிய மெறிக்க மாட்டே."

ஊரே செம்பும் கையுமாக வந்தது. ஒரு நாள் பஸ் டிரைவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இருமிக்கொண்டே உள்ளே வந்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக, "எங்களுக்கும் ரெண்டு எல!" என்று கத்தினார்கள்.

மறுபடியும் செவ்வாய் போய் ஞாயிறு வந்தது.

"எனக்கு விஷம் வேணும்" என்றார் பரந்தாமன்.

அப்பாவு பதறிப்போனார். "சார்! ஊட்ல எதுனா சண்டையா?"

"செடியிலய்யா! பார்த்தாலே மனுஷன் பயந்து ஓடணும்."

"அத்த சொல்லு. செவ்வரளி எட்த்துக்க. துன்னா ஆளு அவுட்டு. ஒருத்தனும் வாயில வெக்கமாட்டான். பெர்சா வளந்த செடியாவே தரேன்."

வாயில் வைக்கமாட்டான் என்பது வாஸ்தவம். ஆனால் மார்கழி பிறந்ததும் ஊர் அம்மன் கோயிலில் தினமும் பூ அலங்காரம் தொடங்கியது. அம்மனுக்குச் செவ்வரளி என்றால் உயிராம். வெள்ளானூரில் அப்படிப் பூத்துக் குலுங்கிய இடம் பரந்தாமன் வீட்டு மூன்றாவது வரிசை ஒன்றுதான்.

விடியற்காலையில் இடுப்பில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாகப் பின்கதவைத் திறந்தார். பதினாறு பெண்கள் கூடையோடு நின்றார்கள்.

"சார், சித்த ஒத்திக்க. மொட்டு மேல பேஸ்ட்டு தெறிக்குது பாரு. சாமிக்குப் போற பூ!" என்றாள் கெங்கம்மாள்.

மனுஷன் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். பறித்த பூவை அவர்கள் அங்கேயே துவைக்கிற கல்லைச் சுற்றி உட்கார்ந்து தொடுத்தார்கள். நடுவில் வனஜா. என்ன பேச்சு, என்ன சிரிப்பு! எட்டு மணிக்கு வனஜா உள்ளே வர, அடுப்படியில் குக்கர் சத்தம் போட்டது. வெளியிலிருந்து கெங்கம்மாள் குரல் கொடுத்தாள்.

"இன்னாம்மா, இன்னிக்கு ரெண்டு விசிலோட எறக்கிட்டே? பருப்பு வேவுமா?"

பரந்தாமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷம் எதிலிருந்து ஓடிவந்தாரோ அது மூன்று வரிசை வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

போகியன்று காலையில் குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை அவள் முன்னால் நீட்டினார். "தோத்துட்டேன் வனஜா. உனக்கு ஒரு மறைவு செஞ்சு குடுக்க என்னால முடியல. நீ சொன்னபடியே போயிடலாம்."

வனஜா அதை வாங்கிப் படித்தாள். வாசலில் பழைய பாயோடு எரிந்துகொண்டிருந்த போகி நெருப்பில் போட்டாள்.

"யாரு போறா குவார்ட்டர்ஸுக்கு?"

"நீதானே சொன்னே?"

"அது போன வருஷம். போறதுன்னா நீங்க போங்க. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு. கெங்கம்மா ஊட்ல பொங்கப் பானைக்குக் கோலம் போடக் கூப்பிட்டிருக்காங்க."

'ஊட்ல'வா! இவளும் கெங்கம்மாள் மாதிரியே பேசுகிறாளே! பரந்தாமனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வீடு தப்பித்ததில் உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு வருஷக் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா? மொபெட்டை உதைத்து நேரே நர்சரிக்கு விட்டார்.

"யோவ் அப்பாவு! ஆள் வராத செடி கேட்டா, மூணு தடவையும் ஊரையே கூட்டிட்டு வர்ற செடியாப் பார்த்துத் தலையில கட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு நர்சரிக்காரனா?"

அப்பாவு தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னியப் போய் கோச்சிக்கிறியே சார்! ஒவ்வொரு தபாவும் நீ வர்றதுக்கு முன்னாடி செவ்வாக்கெயமை உங்க ஊட்டம்மா வந்து, 'அவரு வேலிக்குச் செடி கேப்பாரு, நீ ஜனங்க தேடி வர்ற செடியாக் குடுப்பா, பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளில்லாம அழுதுகினு கீறேன்'னு சொல்லிட்டுத்தானே போச்சு!"