அத்தர் பாயும் காட்கோபர் சம்பந்தமும்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றும் தடுமாறுகிறேன். பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொண்டு திருத்திப் போட வேண்டும்.

பம்பாயில் மூக்கு உள்ள எல்லோருக்கும் அத்தர் பாயைத் தெரியும். தாராவித் தோல் கிடங்கில் அடுத்தடுத்த சுண்ணாம்புத் தொட்டிகளில் நின்றவர்கள் நானும் அவரும். ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் சுரண்டும் வேலை. அந்த வாடை சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. பாய் அதன் மேலே ரோஜா அத்தர் பூசுவார். வெறும் தோல் வாடையையாவது சகிக்கலாம். இரண்டும் கலந்தால் எருமையே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவருக்கோ தான் மணக்கிறோம் என்றே நினைப்பு. கண்ணில் பட்டவருக்கெல்லாம் ஒரு சொட்டு வைப்பார். மேஸ்திரியின் நாற்காலிக்கு வைத்தார். வண்டி மாட்டுக்கு வைத்தார். அது மாகிம் வரை தும்மிக்கொண்டே போனது.

சயான் ஸ்டேஷனில் அவர் ரயில் ஏறினால் ஒரு பெஞ்சு முழுக்க எழுந்து போய்விடும். பாய் உட்கார மாட்டார். நிற்கிற கர்ப்பிணிகளையும் கிழவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, காற்று வாங்குவதாகச் சொல்லிக் கதவோரம் போய்விடுவார்.

எனக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வீடுகளில் பெண் பார்த்தேன். மூன்றிலும் நான் நுழைந்ததும் ஊதுவத்தி கொளுத்தினார்கள். பிறகு பதிலே இல்லை. நாலாவதாகக் காட்கோபரில் ஒரு சம்பந்தம் வந்தது. இதுவும் தவறினால் இனி யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று பாயிடம் மட்டும் சொன்னேன். துணைக்கு வர எனக்குப் பம்பாயில் சொந்தக்காரர் கிடையாது. தானே வருவதாகச் சொன்னார். அந்த அத்தரோடு பெண் வீட்டுக்குள் நுழைவதா என்று யோசித்தேன். ஆனாலும் சரி என்றேன்.

அன்றைக்கு என்னை லீவு போடச் சொல்லி, என் தொட்டியையும் அவரே பார்த்தார். நான் மூன்று தடவை குளித்துவிட்டு சயானில் காத்திருந்தேன். பாய் வந்தார். ஈர வேட்டி, முழங்கை வரை சுண்ணாம்பு, கையில் ஒட்டிய மாட்டு மயிர். அத்தர் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“குளிச்சிட்டு வந்திருக்கலாமே பாய்?”

“இன்னைக்குக் குளிக்கப்படாதுல. பேசாம ஏறு.”

பெண் வீட்டில் நுழைந்ததுமே பெண்ணின் அப்பா துண்டால் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார். பாய் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. தொட்டியிலேருந்து நேரா எந்திரிச்சு வாரேன். இந்த வாடை பூரா என்னோடது. மாப்பிள்ளை மேல மொட்டை மாடில தோல் காயப் போடுதவரு. அங்க ஒரே காத்து.”

எங்கள் கிடங்குக்கு மொட்டை மாடியே கிடையாது.

பெண் காபி கொண்டு வந்ததும், தான் இருந்தால் யாருக்கும் தொண்டையில் இறங்காது என்று பாய் எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு மிடறு காபிகூடக் குடிக்கவில்லை. தோல் வாடைக்குத் தெருநாய்கள் நாலு அவரைச் சுற்றி நின்றுகொண்டன. நாங்கள் பேசி முடிக்கும்வரை அவர் அவற்றோடு வெயிலில் நின்றார். அந்தப் பெண்தான் இன்று என் மனைவி.

போன மாசியில் பாய் காய்ச்சலில் இறந்துபோனார். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, அத்தர் பூசியிருந்தார்கள். அன்றுதான் அவர் மேல் அத்தர் அத்தராகவே மணத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மொட்டை மாடிப் பொய்யை ஒப்புக்கொண்டேன்.

“அன்னைக்கே தெரியும்,” என்றாள். “அவரு வெளிய போன பொறவும் வாடை உள்ளேதான இருந்திச்சு.”

“பின்னே ஏன் சம்மதிச்சே?”

“உங்களுக்காக ஒரு மனுசன் நாய்ங்களுக்கு நடுவுல நிக்காரேன்னு சன்னல் வழியாப் பாத்தேன்.”

பாயின் மனைவி அவருடைய அத்தர் சீசாவை எனக்குக் கொடுத்தார். இப்போதெல்லாம் வேலை விட்டு சயானில் ஏறும்போது மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொள்கிறேன். பெஞ்சு காலியாகிறது. நிற்கிறவர்களை அவர் போல வாய்விட்டுக் கூப்பிட எனக்கு வரவில்லை. கையை மட்டும் காட்டிவிட்டுக் கதவோரம் போய்விடுகிறேன்.

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தவன் ஒருவழியாக எழுதி முடித்தது: 1948, ஆவணி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.