டீச்சர் வீட்டு வேலி மட்டும்

"ஞானையா, வேலி மறுபடியும் முடி வெட்டாத பய மாதிரி நிக்குது. எப்பம் வருவ?"

கைபேசியில் ஜெபகுமாரி டீச்சரின் குரலைக் கேட்டதும் ஞானையன் எழுந்து காலண்டரைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தார். விரலை மாற்றி வைத்து இன்னொரு தடவையும் எண்ணிப் பார்த்தார். எப்படி எண்ணினாலும் பதினெட்டு நாள்தான் வந்தது.

"டீச்சர், இந்த மாசந்தானே வெட்டினேன்?"

"அத எங்கிட்ட கேட்டா? செம்பரத்திகிட்ட வந்து கேளு."

மார்த்தாண்டத்தைச் சுற்றி ஒன்பது வீட்டுத் தோட்டங்களுக்கு ஞானையன்தான் பொறுப்பு. மற்ற எட்டு வீட்டு வேலிகளும் மாதம் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டு மரியாதையாக இருந்தன. டீச்சர் வீட்டுச் செம்பருத்திக்கு மட்டும் எங்கிருந்தோ கொழுப்பு ஏறியிருந்தது.

அதுதான் அவருடைய முதல் தோட்டம். எண்பத்தெட்டில் அவரை வேலைக்கு வைத்தவர் டீச்சரின் கணவர் ஜஸ்டஸ் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேலி நாலடிக்கு ஒரு நூல் கூடக் கூடாது, குறையக் கூடாது. அதற்காக எழுபதடி வேலிக்கும் நூல் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். நூலின் ஒரு முனை முளைக்குச்சியில், மறு முனை சாரின் கையில். ரெண்டு பக்கமும் முளை அடித்தால் என்ன என்று ஞானையன் ஒருமுறை கேட்டுவிட்டார். "ஒரு முளைக்காவது அறிவு வேணும்லா?" என்றார் சார்.

சார் போய் ஆறு வருடமாகிறது. அடக்கம் முடிந்த மறுமாதம் ஞானையன் தயங்கித் தயங்கி நூலோடு வந்து நின்றபோது, டீச்சர் வந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. ஞானையன் வெட்டுவார், டீச்சர் நூலைப் பிடித்துக்கொண்டு பேசுவார். கல்யாணமான புதிதில் பேச்சிப்பாறைக்குப் பஸ்ஸில் போன கதை, அங்கே ஏதோ பங்களாத் தோட்டத்தில் சார் ஏழு செம்பருத்திக் கம்புகளை ஒடித்த கதை, காவல்காரன் துரத்திய கதை, ஈரத்துண்டில் சுற்றிய கம்புகளை டீச்சர் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறிய கதை. அந்த ஏழு கம்புகள்தான் பெருகிப் பெருகி எழுபதடி வேலியானது. காவல்காரன் வரும் இடத்தில் ஞானையன் கத்திரியை நிறுத்திவிட்டு, முதல் தடவை கேட்பதுபோல, "பொறவு?" என்பார். காலையில் தொடங்கினால் நாலு மணிச் சாயாவுக்குத்தான் வேலை முடியும். அது ஒரு காலம்.

போன வருடம் மூன்று புது வீடுகள் சேர்ந்தன. எல்லாம் வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள். டீச்சர் வீட்டு வேலையை மதியத்துக்குள் முடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. நேரமில்லாத நேரம் பார்த்து இந்த வேலியும் கூத்தாடத் தொடங்கியது.

மறுநாள் ஞானையன் போய் வெட்டினார். வேலியின் அடி மூட்டில் நாலைந்து பூனைகள் படுத்திருந்தன. பக்கத்து வீட்டு மீன்முள் மணத்துக்கு வந்தவையாக இருக்கும் என்று நினைத்து விரட்டினார். அவை எழுந்து, கொட்டாவி விட்டு, அங்கேயே திரும்பிப் படுத்துக்கொண்டன.

நூல் முனையைப் பிடித்திருந்த டீச்சர் சொன்னார்: "தோஹாவுல இருந்து மவன் டெல்வின் போன்ல விளிச்சான். ஒரு வேலிக்காவ எதுக்கு இந்தப் பாடு, பிடுங்கிப் போட்டுட்டுக் காம்பவுண்டு சொவரு கெட்டிருவோம்ங்கான்."

ஞானையனின் கத்திரி நின்றுவிட்டது. "நீங்க என்ன சொன்னிய?"

"நான் என்ன சொல்ல? மாசத்துல ஒரு வெட்டோட நின்னா வேலி, இல்லேன்னா சொவருன்னு ஒரே பிடி. கிறிஸ்மஸ் லீவுக்கு வருவான்."

அன்று வீடு திரும்பும்போது ஞானையன் வேலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். சார் திருடி, டீச்சர் கடத்தி, எண்பத்தெட்டிலிருந்து தான் வெட்டிய வேலி. அதை ஒரு சுவருக்குக் கொடுத்துவிட்டு மற்ற எட்டு வீட்டில் கத்திரி பிடிக்க அவரால் முடியும் என்று தோன்றவில்லை.

ஒரு மாதம் தாங்குகிற மாதிரி வெட்ட, முதலில் கத்திரியைச் சாணை பிடித்து வேகம் கூட்டினார். தோள்பட்டைதான் வீங்கியது. பதினாறாம் நாள் டீச்சர் மறுபடி போனில் விளித்தார். வேறு வழியில்லாமல், ஒரு கட்டு செம்பருத்திக் கம்புகளை ஒடித்துக்கொண்டு மார்த்தாண்டம் ஜங்ஷனில் வைகுண்டராஜனின் மிஷின் கடைக்குப் போனார்.

"வேலி வெட்டுத மிஷின் வேணும். பெட்ரோல் வேண்டாம், காது போயிரும். ஒயரும் வேண்டாம், எழுபதடிக்கு இழுத்துட்டு நடக்க முடியாது."

"அப்ப பேட்டரிதான் அண்ணாச்சி." வைகுண்டராஜன் மூன்று மிஷின்களை மேசையில் பரப்பினார். "தொழிலுக்கா, வீட்டுக்கா?"

"தொழிலுக்கு. ஒம்பது வீடு."

"அப்ப இந்தச் சின்னத விடுங்க, இது பத்து நிமிஷம் வெட்டினா அரை மணிக்கூர் தூங்கும். வெட்டுப்பல்லுக்க இடைவெளி பாருங்க, விரல் தண்டிக் கம்பு போணும். பிளேடு நீளம் கூடுனா வேலை சீக்கிரம், ஆனா கனம் கூடும். பேட்டரி ரெண்டா வாங்கிருங்க. ஒண்ணு வெட்டும், ஒண்ணு சார்ஜுல கெடக்கும்."

ஞானையன் முதல் மிஷினை எடுத்து ரெண்டு கையாலும் தோளுக்கு நேராக நீட்டிப் பிடித்தார். கண்ணை மூடி முணுமுணுக்கத் தொடங்கினார். வைகுண்டராஜன் பயந்துபோய், "அண்ணாச்சி, மயக்கம் வருதா?" என்றார்.

ஞானையன் கண்ணைத் திறக்கவில்லை. கனத்தைக் கணக்கிட அவரிடம் ஒரு முறை உண்டு. எந்தக் கருவியானாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுவார். கடைசி ஆமென் வரை கை இறங்காவிட்டால் அது நாள் முழுக்க உழைக்கத் தோதான கருவி. முதல் மிஷினில், அதில் பிலாத்துவின் பெயர் வருவதற்குள் தோள் இறங்கிவிட்டது. ரெண்டாவது உயிர்த்தெழுதலைத் தாண்டவில்லை. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொல்லிவிட்டு, இன்னும் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஆமெனும் சொன்னார். கடையில் ஸ்பேனர் வாங்க வந்த ஒருவர் பக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இனி ஓட்டிக் காட்டும்."

கொண்டுவந்த கம்புகளை மிஷின் ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பியது. ஞானையன் அருகில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது ஓடும்போ ஒரு ஆளு பக்கத்துல நின்னு கதை சொன்னா கேக்குமா?"

இருபது வருடமாக மிஷின் விற்கும் வைகுண்டராஜனிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "கேக்கும்" என்றார், ஒருமாதிரி சந்தேகமாக.

டீச்சர் வீட்டில் மிஷின் முதன்முதலாக இறங்கும் நாளை ஞானையன் ஒரு திருநாள்போல எதிர்பார்த்தார். அன்றும் டீச்சர் வழக்கம்போல நூல் முனையைப் பிடித்து நின்றார்.

"நூல் வேண்டாம் டீச்சர். பிளேடே நீளமாக்கும். அதுவே மட்டம் பிடிச்சிரும். நீங்க இரியுங்க."

டீச்சர் நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கதையைத் தொடங்கினார். பஸ் குலசேகரம் தாண்டியது. பேச்சிப்பாறையில் இறங்கினார்கள். சார் முதல் கம்பை ஒடிக்கக் கையை நீட்டினார். அதற்குள் மிஷின் வேலியின் மறுமுனைக்குப் போய் நின்றுவிட்டது.

"அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"முக்கால் மணிக்கூர் டீச்சர்!" ஞானையன் வியர்க்காத நெற்றியைப் பெருமையாகத் துடைத்துக்கொண்டார்.

"காவல்காரன் வரல்லியே."

"அடுத்த தடவ வரட்டும் டீச்சர்."

அடுத்த தடவை பன்னிரண்டாம் நாளே வந்தது. ஞானையன் திகைத்துப்போனார். வேலி முன்னைவிடத் தழைத்து, இலையெல்லாம் எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளத்தது. பூனைகள் ஏழாகியிருந்தன. ஓர் இலையில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. எல்லாம் இந்தப் பூனைகளின் வேலை என்று திட்டிக்கொண்டு அதைத் துடைத்துப் போட்டார். ஏனென்றால் சார் போன பிறகு டீச்சர் மீனைத் தொடுவதில்லை. சாருக்கு நெய்மீன் என்றால் உயிர். "தனியா உக்காந்து திங்க எனக்கு எறங்காது" என்று டீச்சர் அன்றைக்கு விட்டதுதான்.

வாசலில் மீன்காரரின் பைக் ஹாரன் கேட்டது. வீட்டு வேலைக்கு நிற்கும் செசிலி சட்டியோடு ஓடினாள். கடலோர முட்டத்துக்காரி. ரெண்டு மூன்று மாதத்தில் அவள் கன்னம் நன்றாக உப்பியிருந்தது.

"செசிலி, மீன் ஆருக்கு?"

"எனக்குத்தான் அண்ணே. கடப்பொறத்துக்காரி மீன் இல்லாம எப்பிடி இருக்க?" என்றவள், என்னவோ சொல்ல வாயெடுத்து, டீச்சரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞானையன் அன்றைக்கு ரெண்டாவது பேட்டரியையும் போட்டு, மேலே மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் ஒட்ட வெட்டினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கதையில் பஸ் குலசேகரத்தைத் தாண்டவில்லை. ஒட்ட வெட்டிய செம்பருத்தி, ஒரு கிளை போன இடத்தில் மூன்று விட்டது. எட்டாம் நாள் டீச்சர் விளித்தார்.

இனியும் ஆழமாக வெட்டினார். ஆறாம் நாள் விளித்தார்.

ஞானையன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வைகுண்டராஜன் முன்னால் போய் நின்றார். "இந்த மிஷின்ல என்னவோ இருக்கு. வெட்ட வெட்ட வளருது."

"மத்த எட்டு வீட்டுலயும் வளருதா?"

"இல்ல. அங்க மாசம் ஒரு வெட்டுதான்."

"அப்ப மிஷினுக்கு அந்த வீட்டு மேல மட்டும் என்ன பிரியம் அண்ணாச்சி?"

ஞானையன் மிஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். உண்மையில் அவருக்கு வேலியைவிட வேறொன்று உறுத்தியது. கதையில் அந்தக் காவல்காரனைப் பார்த்து ரெண்டு மாதமாகிவிட்டது. எத்தனையோ வருடமாக மாதாமாதம் துரத்திக்கொண்டிருந்த மனிதர் எங்கே நிற்கிறாரோ என்று வேறு வீட்டில் வெட்டும்போதெல்லாம் நினைப்பு வந்தது. யாரும் கேட்காமலே, "பொறவு?" என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டிசம்பர் பிறந்தது. டெல்வின் சொன்னபடி ஒரு கொத்தனார் வந்து டேப் பிடித்து எழுபதடியையும் அளந்துவிட்டுப் போனார். இந்த மாதம் ரெண்டாவது வெட்டு விழுந்தால் மறுநாளே வேலியைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறானாம். ஒன்றாம் தேதி ஒட்ட வெட்டிய வேலி, ஏழாம் தேதி நாலடிக்கு மேலே ஒரு சாண் எழும்பி நின்றது.

ஞானையன் மிஷினைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். தோற்றதைச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு. டீச்சர் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வெளியே செசிலி மட்டும் வாளியோடு நின்றாள்.

"செசிலி, டீச்சர் வந்தா சொல்லு. நான் கை விட்டாச்சு. சார் போட்ட வேலி, எனக்க கையில இருந்து போவுது. இனி ஆரு வந்தாலும் இத ஜெயிக்க முடியாது." முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாற்காலியின் மேல் அந்த நூல் சுருட்டியபடி கிடந்தது. டீச்சர் அதை எடுத்து வைக்கவே இல்லை.

செசிலி கேட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பூனைகள் எல்லாம் எழுந்து அவளை நோக்கி வந்தன.

"அண்ணே, நான் சொன்னேன்னு டீச்சர்கிட்ட சொல்லப்பிடாது. அந்த மிஷினக் கொண்டு போயி மத்த எட்டு வீட்டுல வெட்டுங்க; இங்க பழைய கத்திரியும் நூலுமா வந்து நாள் முழுக்க நில்லுங்க. நீங்க வெரசா போவப் போவத்தான் வெரசா திரும்பி வரணும்னு டீச்சர், சொவரு வந்திரும்னு நான் சொல்லியும் கேக்காம, தெனமும் வேலி மூட்டுல மீன் கழுவுன தண்ணி ஊத்துறாவ. அந்தத் தண்ணிக்காவ இப்பம் ரெண்டு நேரமும் மீன் வாங்குதோம், அம்புட்டையும் தின்னு தின்னு எனக்கு மடுத்துப்போச்சு!"