மலை அந்தப் பக்கம் இருக்கிறது

‘தெரியாது’ என்ற சொல்லை நான் முதன்முதலாகச் சொன்னது என் முப்பத்தெட்டாவது வயதில். சொன்ன இடம் இலங்கை, ஓர் ஆட்டோவின் பின் சீட்டு. அதுவரை அந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன். வகுப்பில் எவனாவது ஏடாகூடமாக ஒரு கேள்வி கேட்டால் கண்ணிமைக்காமல் ஒரு பதிலைச் சொல்லிவிடுவேன். (பாதி நாள் அது சரியாகவும் இருந்துவிடும்.)

இந்தப் பழக்கத்துக்கு உரம் போட்டு வளர்த்தது என் மாமனார் வீடு. ஆழ்வார்திருநகரியில் இருக்கும் அந்த வீட்டில் மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். உப்பே போடாத சாம்பாரை மறதியாக நான் ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டால், வீடே அந்தச் சாம்பாரைப் பிரமாதமாகச் சாப்பிட்டு முடிக்கும். மாமா ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். எந்த விவாதத்தையும் “மாப்பிள்ளை தெரியாமலா சொல்லுதாவ?” என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார். பத்து வருஷம் இப்படிச் சீராட்டப்பட்டவனுக்குத் தலை எந்த அளவுக்குக் கனத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு ஒரே ஒரு தம்பி, சங்கரன். சொந்தக்காரர் கடையில் வேலை பார்க்கத் திருகோணமலைக்குப் போனவர், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். அப்பாவின் காரியத்துக்கு வந்து போனதோடு சரி. அக்காவும் தம்பியும் முகம் பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது அத்தை நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அதற்கும் மாட்டேன் என்றார்.

“கீழ ஒண்ணுமே இல்லாம எப்படி மாப்பிள்ளை உக்காந்திருக்கிறது?”

அப்போதுதான் சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல் விளம்பரம் என் கண்ணில் பட்டது. ஒரு நாள் கடல், மறுநாள் காலை முதல் மாலை வரை திருகோணமலை, பிறகு திரும்பிவிடலாம். “கப்பல்னா கீழ தண்ணியாவது இருக்குல்லா” என்று அத்தை சம்மதித்தார். நான் எழுந்து நின்று, வீட்டார் முன்னிலையில் ஒரு வாக்குக் கொடுத்தேன். “அத்தை, உங்க தம்பியை உங்க கண்ணு முன்னால நிப்பாட்டுறது என் பொறுப்பு.” அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் கேட்காமலே நான் கொடுத்த வாக்கு அது.

மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, அத்தை, மாமா, என் மனைவி செண்பகம், நான் என நாலு பேர் கப்பலேறினோம். இலங்கையில் வேலை செய்கிற மாதிரி போனைத் தயார் செய்யவா என்று செண்பகம் கேட்டாள். பூகோள வாத்தியாருக்கு எதற்கு மேப் என்று நான் சிரித்தேன். (இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) வெளிச் சாப்பாடு கப்பலுக்குள் கூடாது என்பது விதி. ஆனாலும் அத்தையின் பையில் இரண்டு நாளைக்கான புளியோதரை வந்திருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அறையைப் பெருக்க வரும் தங்கராஜ் ராதாபுரத்துக்காரர் என்பதை அவர் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே அத்தை கண்டுபிடித்து, அவருக்கும் ஒரு உருண்டை கொடுத்தார்.

கடலில் இருந்த நாளின் மத்தியானம் கப்பலின் வேகம் திடீரென்று குறைந்தது. கதவுக்கு அடியில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் வந்து விழுந்தது. முந்தின நாளும் அப்படித்தான் ஒரு தாள் வந்தது, எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறோம் என்று விளம்பரம். இதுவும் அதுதான் என்று தீர்மானித்து, தாளை விரித்து, அதன் மேல் புளியோதரையை வைத்துச் சாப்பிட்டேன். தடிமனான தாள். எண்ணெய் கீழே இறங்கவே இல்லை.

சாப்பிடும்போது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். நான் ஊறுகாயில் கவனமாக இருந்தேன்.

“என்ன சொல்லுதாங்க மாப்பிள்ளை?” என்றார் அத்தை.

“சாப்பாட்டு நேரத்தைச் சொல்லுதான் அத்தை.”

“ரொம்ப நேரமாச் சொல்லுதானே.”

“நிறைய அயிட்டம் போல.”

மறுநாள் காலை கரை தெரிந்தது. திருகோணமலையில் கடலுக்கு மேலே பாறை மலை, மலை மேலே கோணேசர் கோயில். வருகிற வழியெல்லாம் இதை நான் மூன்று தடவை விளக்கியிருந்தேன். எதிரே தெரிந்த கரையோ தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது.

“மலையைக் காணுமே மாப்பிள்ளை” என்றார் மாமா, மிகவும் பணிவாக.

“மலை அந்தப் பக்கம் இருக்கு மாமா. வளைகுடால இப்படித்தான் மறைக்கும்.”

இறங்கி வெளியே வந்தோம். வாசலில் பெரிய எழுத்தில் பலகை. மாமா அதை நிறுத்தி நிதானமாக, எனக்குக் கேட்கிற மாதிரி படித்தார். “காங்கேசன்துறைன்னுல்லா போட்டிருக்கு.”

எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. “அது துறைமுகத்தோட பேரு மாமா. ஊரு திருகோணமலை. நாம பாளையங்கோட்டைல இருந்துக்கிட்டுத் திருநெல்வேலின்னு சொல்லலையா, அது மாதிரி.”

“சரிதான்” என்றார் மாமா. (இலங்கை எங்கள் பாடத்தில் ஒரே ஒரு பக்கம்தான். அதுவும் பரீட்சைக்கு வராது.)

துறைமுக வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருந்த சங்கரன் மாமாவைக் காணவில்லை. கால் சரியில்லாத மனிதர், கோயில் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்திருப்பார் என்று அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தேன். அத்தை மட்டும் அசையவில்லை. “நானும் செண்பகமும் இங்கன நிழல்ல இருக்கோம். நீங்க உங்க மாமாவோட போய்ப் பையப் பைய பார்த்துட்டு வாங்க” என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோவில் ஏறி, “கோணேசர் கோயிலுக்கு விடுங்க” என்றேன். ஓட்டுநர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கோணேசரோ? இங்கையோ?”

“மலை மேல இருக்குமே.”

“இந்தப் பக்கம் மலை ஒண்டும் இல்லை ஐயா.”

“அந்தப் பக்கம் இருக்கும், நீங்க விடுங்க” என்று அவர் ஊரை நான் அவருக்கே விளக்கினேன். அவரும் பொறுமைசாலி. மலை என்று பெயரில் இருக்கிற இடம் கீரிமலை ஒன்றுதான் என்று சொல்லி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கடலோரமாக ஒரு கேணி. சனங்கள் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலை என்று சொல்ல ஒரு மண்மேடுகூட இல்லை. நான் நெற்றிக்கு மேல் கையை வைத்து நாலு திசையும் பார்த்தேன். மாமாவும் கையை வைத்துப் பார்த்தார்.

திரும்பி வந்து ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்தோம். ஓட்டுநருக்கு அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. “ஐயா, குறை நினைக்காதையுங்கோ. இது யாழ்ப்பாணப் பக்கம், காங்கேசன்துறை. திருகோணமலைக்கு இங்கையிருந்து அஞ்சாறு மணித்தியாலம் ஓட வேணும். உங்கட கப்பல் பழுதாம், அதாலதான் இங்கை வந்தது எண்டு காலமையே கதைச்சவை.”

முழங்கால் வலியோடு திருகோணமலைத் துறைமுக வாசலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். வேப்பமரத்தடியில் அவருடைய அக்கா உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் கப்பல் திரும்பிவிடும். நேற்றே அந்தத் தாளைப் படித்திருந்தால் ஏதாவது ஏற்பாடு செய்திருக்கலாம். நான் அதில் சோற்றை வைத்துத் தின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் போதாது, அழுகை வந்துவிடும் போல இருந்தது.

“இப்ப என்ன செய்யலாம் மாப்பிள்ளை?” என்றார் மாமா.

“தெரியாது மாமா” என்றேன்.

மாமா என் தொடையில் தட்டி, “அதனால என்ன, வாங்க, வாசலுக்கே போவோம்” என்றார். வழியெல்லாம் அத்தையிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பை மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டு வந்தேன்.

வேப்பமரத்தடியில் ஒரு வேன் நின்றது. அத்தையின் பக்கத்தில் ஒல்லியான ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அத்தையின் அதே மூக்கு. அத்தை அவர் தலையைத் தடவிக்கொண்டே, “முடியெல்லாம் கொட்டிப்போச்சேலே” என்று அழுதுகொண்டிருந்தார். தம்பியும் அழுதுகொண்டே தூக்குப் பாத்திரத்திலிருந்து தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோவிலிருந்து ஒரு கால் இறங்கி, ஒரு கால் இறங்காமல் நின்றேன்.

அத்தை என்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். புளியோதரை எண்ணெய்க் கறையோடு அதே தாள். எஞ்சினில் கோளாறு, திருகோணமலை வரை போக முடியாது, காங்கேசன்துறையில் நிறுத்திப் பழுது பார்த்துவிட்டுத் திரும்புகிறோம் என்று தெளிவாக எழுதியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் தங்கராஜ் அதைத் தமிழில் சொல்லி, தன் போனிலேயே சங்கரன் மாமாவைப் பிடித்தும் கொடுத்திருக்கிறார். விடிகாலையிலேயே தம்பி வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அத்தை?”

“நீங்க சாப்பாட்டு நேரம்னு சொல்லிட்டிய. அதுக்கு மேல நான் எப்படி மாப்பிள்ளை சொல்லுவேன்? உங்க முகம் வாடிராதா?”

செண்பகம் மரத்தின் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

நான் மாமாவைப் பார்த்தேன். “உங்களுக்கும் தெரியுமா?”

“நேத்தே தெரியும்.”

“பிறகு எதுக்கு மாமா எங்கூட வந்து மலையைத் தேடினிய?”

“நீங்க அவ்வளவு தீர்மானமாச் சொன்னிய. ஒருவேளை இருந்தாலும் இருக்குமோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு.”

கப்பல் கிளம்ப அன்று சாயங்காலம் ஆனது. அக்காவும் தம்பியும் ஆறு மணி நேரம் பேசினார்கள். எஞ்சினைப் பழுது பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பார்த்திருக்கலாம் என்று அத்தை வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் சாம்ராஜ்யம் சரிந்துவிட்டது. கரண்ட் எப்போது வரும், பஸ் எப்போது வரும், மழை வருமா என்று எதற்கு நான் வாய் திறந்தாலும், “மலை அந்தப் பக்கம் இருக்கு” என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். என் மகள்கூடச் சொல்கிறாள். உப்பில்லாத சாம்பாரை உப்பில்லை என்று சொல்லும் சுதந்திரம் அந்த வீட்டுக்குக் கிடைத்ததும் என்னால்தான்.

போன மாதம் சங்கரன் மாமா தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அனுப்பியிருந்தார். பின்பக்கம் அச்சிட்ட வழி வரைபடத்துக்குக் கீழே, அவர் கையாலேயே எழுதியிருந்தார்: ‘மாப்பிள்ளைக்கு மட்டும். மலை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. வழியை அக்காவிடம் கேட்டுக்கொண்டு வரவும்.’

சரி, மரியாதையாகக் கேட்டுவிடுவோம் என்று அத்தையிடம் போனேன். “திருகோணமலைக்கு எப்படி அத்தை போகணும்?”

“உங்களுக்குத் தெரியாததா மாப்பிள்ளை” என்றார் அத்தை. சொல்லிவிட்டு, ராதாபுரத்துத் தங்கராஜுக்குப் போன் போட்டார்.